பாதி மறைந்த சாலை

சிங்கப்பூரில் கிராஞ்சிக்குப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தபோது சாலையின் இடது பாதி காணாமல் போனது.

முன்கண்ணாடியில் பட்ட வெயிலில் கண் கூசுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ரம்பத்தின் பல்லைப் போல ஒரு மினுமினுப்பு ஓரத்தில் நடுங்கியபடி வளர்ந்தது. முன்னால் போன லாரியில் தொழிலாளர்கள் பாதிப் பேர்தான் தெரிந்தார்கள். மீதிப் பேர் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, இருட்டுகூட இல்லை. அடுத்த நிறுத்தத்தில் ஓரங்கட்டிவிட்டேன்.

"என்ன அங்கிள், பஸ் ரிப்பேரா?" என்றாள் ஒரு பெண்.

"பஸ் நல்லாத்தான் இருக்கும்மா. எனக்குத்தான் கண்ணு தெரியல."

சிறிது நேரத்தில் பார்வை திரும்பியது. அதன் பின்னால் வலி வந்தது. வலது நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு புல்லில் வாந்தி எடுத்தேன்.

பக்கவாதமோ என்று மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். "ஸ்ட்ரோக் இல்ல அங்கிள், மைக்ரேன்," என்றார் இளம் மருத்துவர். "சில பேருக்கு வலிக்கு முன்னாடி கண்ணுல இப்படித் தெரியும்."

"அது பொம்பளைங்களுக்கு வர்றதுதானே?"

"அவங்களுக்குத்தான் அதிகம். ஆனா ஆம்பளைங்களுக்கும் வரும், பிள்ளைங்களுக்கும் வரும். குடும்பத்துல ஓடும். உங்க அம்மாவுக்கு இருந்துச்சா?"

"அம்மாவுக்குப் பித்தம்," என்றேன். அவருடைய தலைவலியை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம்.

மறுபடியும் வந்தது. இனி ஓட்ட வேண்டாம் என்று என்னை டிப்போவில் மேசை வேலைக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் வண்டி எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி இருந்தேன்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து, கேலாங்கில் அக்கா வீட்டில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"பல்லு பல்லா மின்னுமே, அதுவா?" என்றார் அம்மா.

"உங்களுக்கும் வருமா?"

"சின்ன வயசுலேர்ந்து. எல்லாருக்கும் அப்படித்தான் வரும்னு நெனச்சேன்லா. யார்கிட்டயும் கேக்கல."

அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தவர் அவர். அந்தக் கண்ணோடும் வலியோடும்தான் அத்தனை மாடிகளையும் துடைத்திருக்கிறார்.

போன மாதம் மகளின் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். பலகையில் எழுதியதில் பாதி தெரியவில்லையாம். போனபோது அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, என் கண்ணு போயிடுமா?"

"போகாதும்மா. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்துரும்."

அதன் பிறகு என்ன வரும் என்பதை நான் சொல்லவில்லை. அவள் தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டு காத்திருந்தேன்.