நம்பச் சொல்லாத ஆறுச்சாமி அண்ணன்

டீக்கடை சலீம் பாய் காலையில் போன் போட்டு, "மாவு மில் ஆறுச்சாமி அண்ணன் தவறிட்டாருங்க" என்றபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்பதுதான். பாய் வருத்தப்படவில்லை. "நானும் அதையேதானுங்க கேட்டேன். அதான் இப்ப அவுங்க ஊட்டு வாசல்ல நின்னுட்டுப் பேசறேன்" என்றார்.

போகிற வழியெல்லாம் ஆட்கள் என்னை நிறுத்தி, "நெசந்தானா?" என்று கேட்டார்கள். வேறு யார் சாவிலாவது இப்படிக் கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும். இவர் விஷயத்தில் அதுதான் மரியாதை. வீட்டுக்குள் போனதும் அண்ணன் சம்சாரம் சாந்தாமணி அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "வா மணியா, நீயும் ஒருக்கா தொட்டுப் பாத்துக்க. எனக்கே இன்னும் நம்பிக்கை வல்ல" என்று சொல்லி அழுதார். நான் தொட்டுப் பார்த்தேன். அண்ணன் இந்த ஒரு தடவை பொய் சொல்லவில்லை.

பொய் என்று நான் சொல்வதை அவரைத் தெரிந்தவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். துடியலூர்ப் பக்கம் நம் குடியிருப்பின் நடுவே ரிசர்வ் சைட் இருக்கிறதே, மனை பிரிக்கும்போது பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கி மாநகராட்சி பேரில் எழுதிவைத்த அந்தக் காலியிடம், அதை யாரோ விலை பேசிவிட்டதாக ஒரு முறை புரளி கிளம்பியது ஞாபகம் இருக்கும். கிளப்பியவர் அவர்தான். நான் பதறிப்போய் மில்லுக்கு ஓடினேன். பாய் கொதிக்கிற பாலைக் கையில் ஊற்றிக்கொண்டார். அண்ணன் என்னிடம் மட்டும் குசுகுசுவென்று சொன்னார்: "ஆரு பதறலையோ, அவுனுக்கு முன்னாலயே தெரியும்னு அர்த்தம். பாத்துட்டே இரு." நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஒருவர்தான் "அப்படிங்களா" என்று கேட்டுவிட்டுச் சும்மா போனார். அன்றைக்கு அவருக்குக் கடுமையான பல்வலியாம். அண்ணன் கடைசிவரை, "பல்லு வலின்னு அவுங்க சொல்றாங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒன்று. தன்னையும் யாரும் நம்பக் கூடாது என்பதில் மனிதர் கறாராக இருந்தார். மில்லில் மிளகாயோ கோதுமையோ கொடுத்துவிட்டு, "அரைச்சு வையுங்க, பொறவு வாரேன்" என்று யாராவது கிளம்பினால் விட மாட்டார். "ஏனுங்க, நம்பி உட்டுட்டுப் போவாதீங்க. சித்தெ உக்காந்து பாருங்க. மாவு கொறஞ்சா நானும் களவாணி, கொறையாட்டியும் உங்க மனசுல நான் களவாணிதான்" என்று ஸ்டூலைத் தள்ளிவிடுவார். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தும்மாதவர் நம் ஏரியாவில் யாரும் இல்லை.

நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். ரிசர்வ் சைட்டில் சாயங்காலம் ஆட்டம் கற்றுக்கொடுக்கிற வள்ளி கும்மிப் பழக்கம் ஆரம்பித்ததிலிருந்து ஸ்பீக்கர் பெட்டி என்னுடையது, கரண்டு அண்ணன் மில்லுடையது. முன்வரிசையில் சாந்தாமணி அக்கா. பஞ்சு மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போய் வருகிற பெண்கள், லேத் பட்டறைக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எண்பது தொண்ணூறு பேர் வளையம் கட்டி ஆடுவார்கள். அண்ணன் ஆட மாட்டார். ஓரத்தில் நின்று யார் புதிதாக வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான், வார்டு வார்டாக ஆட்டம் பாட்டு நடக்கிற இடங்களை மாநகராட்சி கணக்கெடுக்கிறது, பட்டியலில் சேர்ந்த இடத்துக்கு விளக்கும் தண்ணீரும் கழிப்பறையும் செய்து தருவார்கள் என்று பேச்சு வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு மனு எழுதிக் கொடுத்துவிடலாம் என்றோம். அண்ணன் ஒரே பிடிவாதமாக வேண்டாம் என்றார். "நாம பாட்டுக்கு ஆடிட்டிருக்கறோம். அனுமதி வேணும்னு போய் நின்னம்னா, இல்லீன்னு சொல்ற உரிமையையும் சேத்துக் குடுத்துபோட்டு வாரோமுங்க." கேட்கும்போது அது நியாயமாகவும் இருந்தது. அவர் சந்தேகத்தில் உள்ள தொல்லையே அதுதான், எப்போதும் நியாயமாக இருக்கும்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. பழக்கம் தொடங்குகிற நேரம். ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினார். இடத்தின் நாலு மூலையையும் போனில் படம் பிடித்தார். காலால் நடந்து அகலம் பார்த்தார். அகலம் பார்க்கிறவர் யார்? நிலப் புரோக்கர். அண்ணன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், நான் பாட்டை நிறுத்தினேன். பெண்கள் பக்கம் கையைக் காட்டினார், அவர்கள் கும்பல் கும்பலாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"இவ்வளவு பேர் இருக்கீங்களே, ஏதாச்சும் நிகழ்ச்சிங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி. காத்து வாங்கறம்."

"தினமும் வருவீங்களா?"

"ஊட்டுல ஃபேனு இருந்தா வரமாட்டமுங்க."

"அந்த ஸ்பீக்கர் பாக்ஸ்?"

"அது இவருதுங்க" என்று என்னைக் காட்டினார். "ஊட்டுல வெக்க எடமில்லீன்னு இங்க கொண்டாந்து வெச்சிருக்காரு. பாவம்."

நானும் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டேன். பின்னால் சாந்தாமணி அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் மோர் வரவழைத்துக் கொடுத்தார். அந்தப் பெண் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். "நீங்க ஆரு, எங்கிருந்து வாரீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்ல?" என்றேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வந்தவங்களைப் பாத்து நீ ஆருன்னு கேக்கறது மரியாதையாடா? நம்ம ஊர்ல அப்பிடிப் பழக்கமில்லை" என்றார். சந்தேகம் முழுசாக இருக்கும், மரியாதையும் முழுசாக இருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கேள்வி மட்டும் விட்டுப்போகும். நம் ஆட்களுக்கே உள்ள கோளாறு இது.

கொஞ்ச நாளில் வார்டு ஆபீஸ் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். நம் இடம் அதில் இருந்தது, 'பயன்பாடு இல்லாத காலியிடம்' என்று. குப்பை தரம் பிரிக்கும் கூடம் கட்ட உத்தேசம் என்றும் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்த எனக்கே இரண்டாவது தடவையில் புரிந்துவிட்டது. அன்றைக்கு வந்தவர் புரோக்கர் இல்லை, மாநகராட்சி திட்டப் பிரிவிலிருந்து நம் இடத்தைப் பட்டியலில் சேர்ப்பதற்கென்றே வந்தவர்.

அன்று சாயங்காலம் பழக்கம் நடக்கவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து டி.வி. பார்க்கிற வேளையில் வெளியே வந்து நாலு பேரோடு கை தட்டி ஆட நம் பெண்களுக்கு இருந்தது அந்த ஒரே இடம். அரங்கேற்றத்துக்கு நாள் குறித்துச் சேலையும் எடுத்தாயிற்று. ஆளாளுக்கு அண்ணனைத் திட்டினார்கள். சாந்தாமணி அக்கா சொன்னதுதான் அவரைக் குத்தியது. "ஊரு ஒலகத்தையெல்லாம் சந்தேகப்பட்டீங்க. உங்க புத்தியை ஒரு நாளாச்சும் சந்தேகப்பட்டீங்களா?"

ஆட்சேபணை சொல்வதற்கென்று வார்டு ஆபீஸில் ஒரு கூட்டம் வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அதே பெண் உட்கார்ந்திருந்தார். நம் சங்கத் தலைவர் எழுந்து ஏதேதோ மழுப்பினார். அண்ணன் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே எழுந்தார்.

"அங்க கும்மி நடக்குதுங்க அம்மணி. வாரத்துல நாலு நாளு."

"ஒண்ணுமே நடக்கறதில்லைன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"நாந்தானுங்க சொன்னேன். பொய் சொல்லிபோட்டேன்."

"எதுக்குங்க?"

"உங்களை நெலப் புரோக்கர்னு நெனச்சுபோட்டேனுங்க."

கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அன்னைக்குச் சொன்னது பொய்ன்னா, இன்னைக்குச் சொல்றதை நான் எப்படிங்க நம்பறது?" என்று கேட்டார். அண்ணனோ, தனக்குத் தெரிந்த பாஷையில் ஒருவர் ஒருவழியாகப் பேசிவிட்டதைப் போல நிமிர்ந்தார்.

"நம்பாதீங்க அம்மணி. ஆரு உங்களை நம்பச் சொன்னா? நாள் சொல்லிட்டு வந்தீங்கன்னா நாங்க ஆளைக் கூட்டி வெச்சு ஆட்டம் காட்டிப்போடுவம். சொல்லாம வாங்க. எப்ப வேணா வாங்க. ஒருக்கா வந்தா பத்தாது, மறுக்காவும் வாங்க. ஆடலீன்னா நீங்க குப்பைக் கூடமே கட்டிக்கோங்க."

அந்தப் பெண் ஏதோ எழுதிக்கொண்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. முன்பெல்லாம் வருகிற அதிகாரி அவர் கண்ணுக்குப் புரோக்கராகத் தெரிந்தார். இப்போது வருகிற புரோக்கர், பால்காரர், வழி தவறியவர் எல்லோரும் அதிகாரியாகத் தெரிந்தார்கள். தவணைக்கு மெத்தை விற்க வந்த ஒருவருக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, கும்மி முழுவதையும் உட்கார வைத்துக் காட்டினார். அவர் போகும்போது, "மெத்தை வேணுங்களா?" என்று கேட்டார். அண்ணன் என் காதில், "வேசம் போட்டுட்டு வந்திருக்காங்கடா" என்றார். தூறல் விழுந்தாலும் விடவில்லை. காய்ச்சல் என்று யாராவது சொன்னால், "அந்த அம்மணி இன்னைக்கு வந்துட்டா?" என்று வீட்டு வாசலில் போய் நிற்பார். நாங்கள் அந்தப் பருவத்தில் ஆடியதுபோல் எப்போதும் ஆடியதில்லை. ஆள் வராத நாளே இல்லை என்று ஆனது அப்போதுதான்.

ஒரு நாள் வார்டு ஆபீஸில் புதுப் பட்டியல் ஒட்டியிருந்தது. நம் இடத்துக்கு நேராக 'திறந்தவெளிக் கலைத்திடல்' என்று போட்டிருந்தார்கள். நான் அங்கேயே நின்று விசிலடித்தேன். அண்ணன் சுரண்டிப் பார்த்தார், கீழே வேறு தாள் இருக்கிறதா என்று. பிறகு விளக்கு வந்தது, குழாய் வந்தது. மேடையும் கட்டித் தருகிறோம் என்றார்கள். அண்ணன் கைகூப்பி வேண்டாம் என்றுவிட்டார். "மேடை வந்தா மாலை வாங்கறவங்களுக்கு எடம். ஆடறவங்களுக்குத் தரைதானுங்க வேணும்." அதிலும் அவர் எதையோ சந்தேகப்பட்டார். இந்தத் தடவை யாரும் அவரை எதிர்த்துப் பேசவில்லை.

ஒன்று மட்டும் அவருக்கு ஆறவே இல்லை. அந்தப் பெண் எந்த நாள் வந்தார், எங்கே நின்று பார்த்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை. அரங்கேற்றத்துக்கு அழைக்கப் போனபோது அண்ணன் நேரிலேயே கேட்டார். "சொல்லாம வரச் சொன்னது நீங்கதானுங்களே" என்று சிரித்துவிட்டார் அந்தப் பெண். ஆஸ்பத்திரியில் அண்ணனை நான் கடைசியாகப் பார்த்தபோது, ஆக்ஸிஜன் குழாயை ஒதுக்கிக்கொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார். சொத்து விவரமோ கடன் விவரமோ என்று நினைத்துக் குனிந்தேன். "மணியா, அந்த அம்மணி எப்பத்தான்டா வந்துச்சு?" என்றார். "தொலையுது போச்சாது, உடுங்கண்ணா" என்றேன். "எப்பிடிடா உடறது? நான் அங்கயேதான நின்னுட்டிருந்தேன்" என்றார். அவரை ஏமாற்றிய ஒரே ஆள் அந்த அம்மணிதான். அந்தப் பெண் மேல் அண்ணனுக்கு இருந்த மரியாதை வேறு யார் மேலும் இருந்ததில்லை.

போன வாரம் திடலில் அவருக்காகக் கூட்டம் போட்டோம். வந்திருப்பீர்கள். மில்லை மூடிவிட்டதால் கரண்டை டீக்கடையிலிருந்து பாய் கொடுத்தார். பேசிய பெரியவர்கள் அண்ணன் பேரில் திடலுக்கு ஒரு வளைவு வைப்பதாகவும், அதில் நல்ல இரும்புக் கேட் போட்டுத் தருவதாகவும் அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டக் கையைத் தூக்கினேன். கையில் மைக் இருந்தது. என்னையறியாமல் வாய் கேட்டுவிட்டது.

"ஏனுங்க, கேட்டுப் போட்டா அதுக்குப் பூட்டு இருக்குமுங்களா?"

"பாதுகாப்புக்குங்க" என்றார் பேசிக்கொண்டிருந்தவர்.

"சாவி ஆருகிட்டங்க இருக்கும்?"

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் வானத்தைப் பார்த்தார். "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க" என்றார். "இப்பவே பேசிப்போடலாமுங்க, எல்லாரும் இருக்கறோம்" என்றேன். என் மைக் செட் என்பதால் யாரும் நிறுத்தச் சொல்லவும் முடியவில்லை. முன்வரிசையில் சாந்தாமணி அக்கா எழுந்து, "கேட்டு வேண்டாமுங்க. வளைவு மட்டும் வெச்சாப் போதும்" என்றார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

வளைவு மட்டும்தான் என்று முடிவாகியிருக்கிறது. எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார்கள், இனி நம்பலாம் என்று சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. கடையைச் சாத்திவிட்டு, தினமும் சாயங்காலம் திடலைச் சுற்றி ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த நடைதான்.