கெம்பனின் மூன்று கால்களும் என் இரண்டு கால்களும்

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வேலையில் நோயாளி ஒருநாளும் பொய் சொல்வதில்லை. கூட வருகிறவர்தான் ஒருநாளும் உண்மை சொல்வதில்லை. எருமை எதைத் தின்றது என்று கேட்டால் "புல்லுதாங்க" என்பார்கள். வயிற்றுக்குள்ளிருந்து அரை முழம் வேட்டி வெளியே வரும்.

இந்தத் தொழிலில் என்னோடு உதைபட்டவர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. உங்கள் முழங்காலிலும் காளை உதைத்த தழும்பு இருக்கும், உங்கள் சட்டையிலும் பினாயில் வாசனை போயிருக்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் நான் தருமபுரியில் இருந்தேன். டாக்டர், நான், முனியன் என்ற பியூன், ஆக மூன்று பேர்தான் ஆஸ்பத்திரி. எந்த மாட்டுக்கும் நான் பயந்தவனல்ல. நாய் என்றால் மட்டும் குலை நடுங்கும். சின்ன வயதில் கடிபட்டுத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டவன் நான். அப்படிப்பட்டவன் தலையில்தான் கெம்பன் வந்து விடிந்தான்.

நேற்று பட்ட கல்

பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து மாதப்பன் என்ற விவசாயி தன் நாயை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். ஆட்டுப் பட்டிக்குக் காவல் நாய். செவலை நிறம். அந்தப் பக்கத்தில் கன்னடம் கலந்த பேச்சு, சிவப்பைக் கெம்பு என்பார்கள். அதனால் நாய்க்குக் கெம்பன் என்று பெயர். இடது முன்னங்காலில், பாதத்துக்குச் சற்று மேலே, எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். கல்லடிதான் என்று மாதப்பன் சாதித்தார். எப்போது பட்டது என்று கேட்டேன். "நேத்துதாங்க" என்றார். வீக்கத்தின் மேல் மூன்று இடத்தில் சூடு போட்டு, அது ஆறித் தழும்பாகியும் இருந்தது. நேற்று பட்ட கல்லுக்குப் போன மாதமே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

டாக்டர் தொட்டு, அழுத்திப் பார்த்தார். எலும்பில் புற்றுநோய். காலைத் தோளோடு எடுத்துவிட்டால் வலி போகும். ஆனால் நோய் இதற்குள் நெஞ்சுக்குப் போயிருக்கலாம். எடுத்தாலும் ஆறு மாதம் இருந்தால் பெரிது. வேண்டாமென்றால் வலியில்லாமல் சுட்டுவிடுவதும் பாவமில்லை என்றார். மாதப்பன் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி காவேரியம்மாள் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. நாயின் தலை அவர் மடியில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஆடு மாடு நோயிலிருந்து தப்பினால், அதைப் போலவே மண்ணில் ஓர் உருவாரம் செய்து முனியப்பன் கோயிலில் வைப்பது வழக்கம். அந்த அம்மாள் அப்படி வேண்டிக்கொண்டிருந்தார். அது தை மாதம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"ஆறு மாசம்னா ஆடி வந்துருதுங்க. ஆடியில முனியப்பனுக்கு மண்ணு நாயி வெக்கும்போது இவனும் கூட நடந்து வரணும். எடுத்துருங்க சாமி."

மயக்கம்

ஆபரேஷன் அன்று குளோரோபாரம் சொட்டுவது என் பொறுப்பு. நாயின் வாயை நாடாவால் கட்டியாகிவிட்டது. மூக்குமேல் பஞ்சு வைத்து, அதில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நாய் நிஜமாகவே மயங்கிவிட்டதா, நடிக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். தள்ளி நின்று பார்த்தால் தெரியவில்லை. ஆகவே நிமிஷத்துக்கு ஒருமுறை குனிந்து பார்த்தேன். குனிந்தபோதெல்லாம் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

டாக்டருக்குத் தங்கமான கை. ரத்தம் அதிகம் போகாமல் காலை எடுத்து, தோலை இழுத்துத் தைத்து முடித்தார். கடைசித் தையல் போட்டதைப் பார்த்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை முனியன்தான் சொல்லிச் சொல்லி ஊரைச் சிரிக்கவைத்தான். கை கழுவப் போன டாக்டரிடம் அவன் ஓடிப்போய்ச் சொன்னது இது:

"நாயி முழிச்சிருச்சுங்க எஜமான். கம்பவுண்டரு இன்னும் முழிக்கலீங்க."

சைக்கிள்

தையல் பிரிக்கும் வரை கெம்பன் ஆஸ்பத்திரிக் கன்றுக் கொட்டகையில் தங்கினான். மூன்று காலில் நடக்க அவனுக்கு நான்தான் பழக்க வேண்டும் என்று உத்தரவு. நெஞ்சுக்கு அடியில் துண்டைக் கொடுத்து இரண்டு முனையையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே போக வேண்டும். கடிக்கிற முனைக்கு அவ்வளவு பக்கத்தில் எப்படிப் போவது? துண்டை நீளமாக வாங்கலாமா, இரண்டு துண்டை முடிச்சுப் போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கொட்டகை காலி. பதறிப்போய்த் தேடினால், வாசலில் டாக்டரின் சைக்கிள் அருகே நிற்கிறான். என் துண்டு இல்லாமலே அவ்வளவு தூரம் வந்திருக்கிறான். பழக்கதோஷத்தில் பின்னங்காலைத் தூக்கினான். முன்னால் ஒரு காலும் பின்னால் ஒரு காலும்தான் மிச்சம்; மோவாய் மண்ணில் இடித்து விழுந்தான். எழுந்தான். சுற்றிலும் பார்த்தான். பிறகு உடம்பைச் சக்கரத்தின் மேல் சாய்த்துக்கொண்டு, நிதானமாகக் காலைத் தூக்கிக் காரியத்தை முடித்தான். டாக்டர் எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைக்கிளைத் துடையும் ஐயா. நோயாளி தேறிட்டான்."

கூடை

தேறியவன் தையலை நக்க ஆரம்பித்தான். நக்கினால் புண் பிரிந்துவிடும். அடிப்பாகம் பிய்ந்த மூங்கில் கூடை ஒன்றை அவன் கழுத்தில் மாட்டி நாடாவால் கட்டினேன். கட்டியவன் நான் என்று எழுதுவது சுலபம். மாட்டியது முனியன், "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்று தூரத்திலிருந்து சொன்னது நான்.

கூடைக்குள்ளிருந்து முகம் மட்டும் தெரிய, அவன் தத்தித் தத்தி ஆஸ்பத்திரி முழுவதும் உலாத்தினான். கதவுநிலையில் இடித்தான். மருந்து வாங்க வந்தவர்களின் முழங்காலில் இடித்தான். ஊசிக்கு வந்த ஒரு காளை அவனைப் பார்த்ததும் கயிற்றை அறுத்துக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் ஓடியது. எருமையோடு வந்த ஓர் அம்மாள் மட்டும் பயப்படாமல் நின்று ரசித்தார்.

"என்னா சாமி, நாயி சந்தைக்குக் கெளம்பிருச்சா?"

களியும் சாக்கும்

ஊருக்கு அனுப்பிய பிறகு வாரம் ஒருமுறை நான் சைக்கிளில் போய்ப் பார்த்துவர வேண்டும். புண்ணைப் பார்க்க வேண்டும். இருமல் இருக்கிறதா என்று முக்கியமாகப் பார்க்க வேண்டும். இருமல் வந்தால் நோய் நெஞ்சுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உடம்பு பெருக்க விடக்கூடாது என்பது டாக்டரின் இன்னொரு உத்தரவு. நாலு கால் சுமந்ததை இனி மூன்று கால்தானே சுமக்க வேண்டும்.

முதல் வாரம் போனபோது வீட்டுக்குள் எங்கு பார்த்தாலும் சாக்கு விரித்திருந்தது. சாணம் மெழுகிய தரையில் ஒற்றை முன்னங்கால் வழுக்குகிறது என்று காவேரியம்மாள் வாசலிலிருந்து அடுப்படி வரை விரித்துவிட்டார். எனக்கு இது தோன்றவே இல்லை, டாக்டருக்கும் தோன்றவில்லை. மனசாரப் பாராட்டினேன். மூன்றாவது வாரம் பார்த்தால் கெம்பன் உருண்டையாக இருந்தான். பாவம் ஒரு கால் போன ஜீவன் என்று தெருவில் ஆளுக்கொரு உருண்டை கேழ்வரகுக் களி போட்டிருக்கிறார்கள். இந்த வீட்டில் ஆட்டெலும்பு ரசம் வேறு. எனக்கு வந்த கோபத்தில், இப்படித் தீனி போட்டுக் கொல்லவா காலை எடுத்தோம் என்று கத்தினேன். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுக்கொண்டு ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்.

"வெயில்ல மிதிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. நீங்களும் ஒரு உருண்ட தின்னுட்டு அப்புறம் திட்டுங்க சாமி."

வலம்

களி நின்றது, வயிறு வற்றியது. பங்குனியில் கெம்பன் கயிற்றை அறுத்துக்கொண்டு ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டான். ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. நடப்பதைவிட அவனுக்கு ஓடுவதுதான் எளிதாக இருந்தது. ஒரே சிக்கல், இடது பக்கம் சட்டென்று திரும்பினால் தாங்கக் கால் இல்லாமல் உருண்டுவிடுவான். நாலு நாள் உருண்டான். ஐந்தாம் நாளிலிருந்து இடப்பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டான். இடது ஓரம் தவறிப்போன ஆட்டை மடக்க வேண்டுமென்றால் வலப்பக்கமாகவே மந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வருவான்.

ஆடுகளும் அதற்குப் பழகிவிட்டன. ஏரிக்கு இட்டுப்போனால் கரையை வலப்பக்கமாகச் சுற்றித்தான் தண்ணீருக்கு இறங்கும். நான் போன அன்று பக்கத்துக் காட்டுக்காரர் ஏர் கலப்பையை நிறுத்திவிட்டு அந்த ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாதப்பன் வூட்டு ஆடுங்களுக்குப் பக்தி வந்துருச்சுங்க. வலம் வராம தண்ணி குடிக்கிறதில்ல."

முக்காலி

ஆனியில் உருவாரம் செய்யக் கொடுக்கும்போது தகராறு வந்தது. காவேரியம்மாளுக்கு மண் நாய் மூன்று காலோடுதான் வேண்டும். நாலு கால் வைத்தால் அது யார் வீட்டு நாய் என்று சாமிக்கு எப்படித் தெரியும்? மண்பாண்டம் செய்யும் பெரியண்ணன் முடியவே முடியாது என்றார். அங்கம் குறைந்த உருவாரம் சாமிக்கு ஆகாது, மூளி. நாய் மூளி இல்லை என்று அந்த அம்மாள். இந்த வழக்கு எங்கே வந்தது தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு. மாதப்பன் வந்து டாக்டரிடம் சர்ட்டிபிகேட் கேட்டார். எங்கள் டாக்டர் சிரிக்காமல் காகிதம் எடுத்து, "இந்த நாய் தன் மூன்று காலிலும் பூரண சுகமாக இருக்கிறது" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரி முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

பெரியண்ணனுக்கு எழுத்து தெரியாது. முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் செய்த நாய் நிற்கவில்லை. முன்பக்கம் வலது கால் மட்டும் வைத்தால் இடப்பக்கம் சரிந்தது. மூன்று தடவை சரிந்தது. நான் போன அன்று கெம்பனையே அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். அவர் களிமண் கையோடு குந்தி, கண்ணெடுக்காமல் பார்த்தார். கெம்பனுக்கு மிஞ்சிய முன்னங்கால் இப்போது வலது ஓரத்தில் இல்லை. நின்று நின்று நெஞ்சுக்கு நேர் கீழே, நடுவுக்கு வந்திருந்தது. வாரா வாரம் பார்த்த எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. பெரியண்ணன் மண் காலைப் பிய்த்து நடுவில் ஒட்டினார். கையை எடுத்தார். மண் நாய் நின்றது. மேடு பள்ளமான தரையில் வைத்துப் பார்த்தோம், அங்கும் நின்றது.

"நாலு காலு வெச்சா ஒண்ணு ஆடுமுங்க. முக்காலி எங்கயாச்சும் ஆடுமா? இத்தினி வருசம் இது எனக்குத் தோணலியே!"

இருமல்

ஆடித் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும். நான் போய் இறங்கும்போதே காவேரியம்மாள் வாசலில் நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "நேத்திலிருந்து இருமுறானுங்க" என்றார். காது கொடுத்துக் கேட்டேன். கொக் கொக்கென்று இருமினான். ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா என்று யாரைக் கேட்பது? சைக்கிளைத் திருப்பினேன். தருமபுரி வரைக்கும் எப்படி மிதித்தேன் என்று தெரியாது.

டாக்டர் உடனே என்னோடு கிளம்பி வந்தார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். இன்னொரு பக்கம் கேட்டார். பிறகு வாயைத் திறந்து பிடிக்கச் சொன்னார். நான் பிடித்தேன். நாக்கை அழுத்தச் சொன்னார், அழுத்தினேன். தொண்டைக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இன்னொரு கை விரலை விட்டு இழுத்தேன். கோழி எலும்பு! திருவிழாக் கோழியை ஒரு வாரம் முன்னதாகவே அறுத்த ஏதோ ஒரு வீட்டின் அன்பளிப்பு. காவேரியம்மாள் அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்து முந்தானையில் முகத்தை மூடி அழுதார். எனக்கும் கண் கலங்கியதில் எதுவும் தெரியவில்லை. டாக்டர்தான் என் தோளைத் தட்டினார்.

"நாயென்றால் பயம் என்றவர் நீர்தானே? கையை வெளியே எடும் ஐயா, அவன் வாயை மூட வேண்டாமா?"

ஆடி

முனியப்பன் கோயிலுக்கு மாதப்பன் தலையில் மண் கெம்பன் போனான். முன்னால் மேளத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு நிஜக் கெம்பன் போனான். கோயிலை மூன்று சுற்று வலமாகச் சுற்றினான். வேறு பக்கம் சுற்றத்தான் அவனுக்கு வராதே. டாக்டர் சொன்ன ஆறு மாதம் அன்றோடு தீர்ந்தது. அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஆடிக்கும் நடந்தே வந்தான். அதற்கடுத்த ஐப்பசியில்தான், நிஜமாகவே இருமல் வந்து, நாலே நாளில் காவேரியம்மாள் மடியில் போனான். செய்தி கேட்டு நான் அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

அதற்குப் பிறகு வந்த ஆடியில் கால் தானாக என்னை அந்தக் கோயிலுக்கு இழுத்துப்போனது. பார்த்தால், வரிசையாக ஏழெட்டு மண் நாய்கள் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் மூன்றே கால். எனக்குப் பகீரென்றது, இத்தனை நாய்க்கா இந்த நோய்? புதிதாக ஒன்றைத் தூக்கி வந்து வைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம், உங்கள் நாய்க்கும் காலை எடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அய்யய்யோ, எங்களுதுக்கு நாலும் இருக்குதுங்க. மூணு காலு நாயி வெச்சாத்தான் ஆயுசு கெட்டின்னு ஊரே சொல்லுதுங்களே!"

மூன்று காலில் நின்றவனைப் பார்த்துப் பார்த்தே என் இரண்டு கால்களின் நடுக்கம் போய்விட்டது; குளோரோபாரம் புட்டியைத் திறக்கும்போது மட்டும் இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன்.