ராகு காலத்துக்கு முந்திய பில்

உத்திராபதிக்கு வினோதினியைக் கண்டாலே ஆகாது. காரணம் கேட்டால் பத்து சொல்வார், உண்மையில் பொறாமைதான். குடிகாட்டு ரசாயனக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பதினாறு வருடமாகக் கட்டி மேய்ப்பவர் அவர். இரண்டு வருடம் முன்பு சிதம்பரம் கிளையில் அதே வேலைக்குச் சேர்ந்தவள் அவள். மேனேஜர் ராமாமிர்தமோ எதற்கெடுத்தாலும் "அந்தப் பொண்ணக் கேளு" என்கிறார். ஆவணியில் கம்ப்யூட்டர் பிரிவின் தலைமைப் பதவிக்கு ஆள் போடப்போகிறார்கள். அது அவளுக்குப் போய்விடுமோ என்று இவருக்கு வயிறு எரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி டீ முடிந்து வந்த சிதம்பரத்து ஆட்கள் ஒருவராலும் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியவில்லை. பாஸ்வேர்டு சரி, ஆனால் ஏற்கவில்லை.

"அந்தப் பொண்ணு எதையாச்சும் நோண்டியிருக்கும் சார்" என்று மேனேஜரிடம் போட்டுக் கொடுத்தார் உத்திராபதி. சொன்னதும் வயிறு குளிர்ந்தது. கேபிள், இன்டர்நெட் லைன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருக்க இருக்க, தப்பு அவளுடையதுதான் என்று சந்தோஷம் கூடியது.

இரண்டு மணிக்கு வினோதினியே போன் செய்தாள். "அண்ணா, மெயின் சர்வர்ல மணி எவ்ளோன்னு பாருங்க."

ஒன்று முப்பத்தைந்து என்றிருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

காலையில் புது பில்லிங் சாப்ட்வேருக்குப் பூஜை. பத்தரைக்கே ராகு காலம் பிறந்துவிட, பூஜை முடிய பத்து ஐம்பது. முதல் பில்லில் ராகு கால மணி அச்சாகக்கூடாது என்று முதலாளி அடம்பிடித்தார். இவர்தான் சர்வர் கடிகாரத்தை இருபத்தைந்து நிமிடம் பின்னால் தள்ளினார். பில் வந்தது, சர்க்கரைப் பொங்கல் வந்தது, கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்துபோனார். குடிகாட்டுக் கம்ப்யூட்டர்கள் சர்வரோடு சேர்ந்தே பின்தங்கியதால் தொல்லையில்லை. சிதம்பரத்துக் கம்ப்யூட்டர்கள் இன்டர்நெட்டைப் பார்த்து மணி வைத்துக்கொள்பவை, அங்கே சரியான மணியே ஓடியது. தன் மணிக்கும் கம்ப்யூட்டரின் மணிக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சர்வர் யாரையும் உள்ளே விடாது.

மணியைச் சரிசெய்தார். சிதம்பரத்தில் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

"சார்கிட்ட என்னம்மா சொன்ன?" என்று போனில் கேட்டார் உத்திராபதி.

"மணிய யாரு மாத்தினாங்கன்னு பதிவுல உங்க பேரு இருந்திச்சு அண்ணா. அத நான் சொல்லல. சர்வர் பழசு, தானா பின்னால போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். நீங்க என்னயப் பத்தி சொன்னதயும் சார் சொன்னாரு. பரவால்ல, விடுங்க."

அவள் போனை வைத்துவிட்டாள். பதிலுக்குப் போட்டுக் கொடுத்திருந்தால் அவளை நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பார். பதவி போனால்கூடப் போகட்டும். அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் அந்தப் 'பரவால்ல' தன் வாயில் வந்திருக்காது என்று அவருக்குத் தெரிந்தது. முதல்முறையாக அவள் வேலையைப் பார்த்து அல்ல, அவளையே பார்த்துப் பொறாமைப்பட்டார்.