காணாமல் போன முப்பது கிலோ

மூலிகைக் கிடங்கில் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்ப்பாள், கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். கடையில் சாமான் நிறுக்கும்போது அவள் கண் தராசில் இருக்காது, கடைக்காரர் விரலில்தான் இருக்கும். யாராவது தேவைக்கு மேல் சிரித்துப் பேசிவிட்டால் போச்சு, அன்றைக்கு அவளுக்குத் தூக்கமே வராது. "கண்ணாடியில தன்னைப் பார்த்தாகூட நீ யாருன்னு கேப்பா" என்று புருஷன் கிண்டல் பண்ணுவான்.

இத்தனை வருஷமும் அங்கே காய்ந்த இலையை வாங்கி மூட்டை கட்டுவதுதான் வேலை. இப்போதுதான் முதலாளி, பச்சை இலையை வாங்கி உலர்த்துவதற்கென்று ஓர் அறை கட்டியிருந்தார். இலை மொறுமொறுவென்று காயக்கூடாது, அறுபது சதவீதம் ஈரம் இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். ஈரம் பார்க்க ஒரு மீட்டரும் வந்தது. அறைக்கு இரண்டு சாவி. ஒன்று, எடை போட்டுக் கணக்கு வைக்கும் பூட்டக்காவிடம். இன்னொன்று, தட்டுகளை அடுக்கும் அவள் கொழுந்தனிடம். அவனை அங்கே சேர்த்துவிட்டதே அவள்தான். இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு.

முதல் நாள் காலையில் நூறு கிலோ இலை உள்ளே போனது. மீட்டர் எண்பது சதவீதம் ஈரம் என்றது. சாயங்காலம் அறுபதுக்கு இறங்கியிருந்தது. இருபது சதவீதம் தண்ணீர் போயிருக்கிறது, அப்படியானால் எண்பது கிலோ இருக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பா வேண்டும்? தராசில் வைத்தால் ஐம்பதுதான் இருந்தது. அவளுக்குத் தூக்கி வாரிப் போட்டது. முப்பது கிலோ எங்கே?

மறுநாளும் அதே நூறு, அதே ஐம்பது. இப்போது அவள் கண்ணுக்குக் கொழுந்தன் செய்வதெல்லாம் கோணலாகத் தெரிந்தது. போன் வந்தால் ஏன் சுவருக்குப் பின்னால் போகிறான்? தட்டு அடுக்குகிறவனுக்கு அப்படி என்ன பாட்டு முணுமுணுப்பு? புதுச்சட்டை வேறு! வீட்டில் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவன் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். ஒரு சீப்பும் பேருந்துச் சீட்டுகளும்தான் விழுந்தன. 'பலே கெட்டிக்காரன்டா நீ, தடயமே இல்லாமப் பண்றே' என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒன்றும் கிடைக்காததே அவளுக்குப் பெரிய அத்தாட்சியாகப் போய்விட்டது.

நேரே முதலாளியிடம் போய், தினமும் முப்பது கிலோ குறைகிறது என்று சொன்னாள். அவரும் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார், எண்பதுதான் வந்தது.

"சாவி வச்சிருக்கிறது ரெண்டு பேர். ஒருத்தருக்கு இனிமே இங்க வேலை இல்ல. யாருன்னு நாளைக்குள்ள எனக்குத் தெரியணும்" என்றார். இலை களவு போவதாகவும் முதலாளி கெடு வைத்திருப்பதாகவும் அன்றைக்கே கிடங்கு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

மறுநாள் காலையில் அவள் கொழுந்தனிடம் கையை நீட்டினாள். "தம்பி, உன் சாவியைக் குடு. இன்னைக்கு நீ வாசல்ல மூட்டை இறக்கு, போதும்."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டுப் போனான். கேட்காமல் போகிறானே, குற்றமுள்ள நெஞ்சு இல்லாமல் வேறென்ன?

அன்றைக்கு நூறு கிலோவையும் அவளே அடுக்கினாள். கதவைப் பூட்டி, அதன் முன்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சாப்பாடும் அங்கேயேதான். ஈ, எறும்பைக்கூட உள்ளே விடவில்லை. சாயங்காலம் மீட்டர் அறுபது காட்டியது. கெத்தாகத் தட்டுகளைத் தராசில் ஏற்றினாள்.

ஐம்பது.

இன்றைக்கு இரண்டு சாவியும் அவள் இடுப்பில் அல்லவா இருக்கின்றன! தராசைச் சந்தேகப்பட்டு அதில் தானே ஏறி நின்று பார்த்தாள். எடை சரியாகத்தான் இருந்தது, பாழாய்ப் போனது அதில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. மீட்டரைத் தட்டினாள், உதறினாள். அது அறுபதைவிட்டு அசையவில்லை. மிச்சம் இருந்தது அவள் போட்ட கணக்கு மட்டும்தான்.

சாக்பீஸை எடுத்துத் தரையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள். நூறு கிலோவில் தண்ணீர் எண்பது, சக்கை இருபது. காற்று தண்ணீரைத்தான் கொண்டு போகும், சக்கை அப்படியே கிடக்கும். சரி, அவள் சொன்னபடி எண்பது கிலோ மிஞ்சியிருந்தால்? அதில் சக்கை இருபது, தண்ணீர் அறுபது. எண்பதில் அறுபது என்றால் முக்கால் பங்கு, அதாவது எழுபத்தைந்து சதவீதம். மீட்டர் அறுபது காட்டவே காட்டாது! ஐம்பது கிலோ என்றால்? சக்கை அதே இருபது, தண்ணீர் முப்பது. ஐம்பதில் முப்பது, கச்சிதமாக அறுபது சதவீதம்.

அடிப் பாவி! காலையில் சொன்ன சதவீதம் நூறு கிலோவுக்கு. சாயங்காலம் சொன்னது, சுருங்கிப்போன ஐம்பதுக்கு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கழித்தது அவள் முட்டாள்தனம். திருட்டே நடக்கவில்லை.

அப்படியே முதலாளி அறைக்கு ஓடினாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தாளில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, பேனாவை மூடினார்.

"கணக்கு சரிதாம்மா. ஆனா உன் கொழுந்தன் மத்தியானமே வந்து, நான்தான் எடுத்தேன்னு ஒத்துக்கிட்டானே. வேலையை விட்டு அனுப்பிட்டேன். எடுக்காதவன் எதுக்கு எடுத்தேன்னு சொல்றான்?"

அவளுக்கும் விளங்கவில்லை. வேறு ஏதாவது திருடியிருப்பானோ? வீடு போய்ச் சேருகிற வரைக்கும் அந்தப் புத்தி போகவில்லை.

அவன் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"இலை களவே போகலடா. நான்தான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன்" என்றாள். "நீ எதுக்குடா எடுத்தேன்னு சொன்னே?"

"இருக்கிறது ரெண்டு சாவி அண்ணி. நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். அப்புறம் வேற யாரு?"

"என்னையா?" அவள் குரல் உச்சத்துக்குப் போனது. "என்னையவா திருடின்னு நினைச்சே?"

"உங்க கணக்கு தப்பும்னு எனக்குத் தோணவே இல்ல அண்ணி. ஏதோ கஷ்டம், யார்கிட்டயும் சொல்ல முடியாம எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன். காலையில சாவியையும் வாங்கிட்டீங்களா, மாட்டிக்குவீங்களேன்னு பயமாப் போச்சு. இந்த வயசுல உங்களுக்கு வேற எங்க வேலை கிடைக்கும்?"

அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். என்னவென்று திட்டுவது? இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் திருட்டுப் பட்டம் கட்டிப் பார்த்தவர்கள்தான். அப்படி நினைத்ததும் அவள் முதலாளியிடம் ஓடியிருந்தாள், அவனை மாட்டிவிட. அவனும் முதலாளியிடம்தான் ஓடியிருந்தான், அவளைக் காப்பாற்ற. அவளுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. அவன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு என்கூட வா தம்பி. நீ எதுக்கு அப்படிச் சொன்னேன்னு முதலாளி முன்னாடி நானே சொல்றேன்" என்றாள்.