குழாயில் பால் போல நின்ற ரத்தம்

தாராவியில் தோல்பை தைக்கிறேன். வயது நாற்பத்திரண்டு. ஒரு வருடமாகப் படுக்கையில் மனைவியுடன் சேர முடியாமல் இருந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டதாக நம்பி மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டேன். கடைசியில் மனைவிதான் டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் ரத்தம் பார்க்கச் சொன்னார்.

வெறும் வயிற்றோடுதான் லேபுக்குப் போனேன். அங்கிருந்த பெண், எந்திரத்தில் சுற்றி எடுத்த குழாயைக் காட்டினாள். ரத்தத்துக்கு மேலே பால் போல வெள்ளையாக ஏதோ நின்றது.

"இது ஒங்க ரத்தந்தாண்ணே. அம்புட்டும் கொழுப்பு."

இதுவா எனக்குள் ஓடுகிறது என்று குழாயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன்.

"கொழுப்பு மொதல்ல ஆம்பளக் குறிக்குப் போற சின்ன ரத்தக் குழாயத்தான் கெடுக்கும். அடுத்து நெஞ்சு. நல்லவேள, இப்பமே வந்துட்டிய," என்றார், ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர்.

மாத்திரையும் நடையுமாக ரத்தம் தெளிந்தது. மற்றதும் மெல்லச் சரியானது. இப்போது பட்டறையில் யாராவது இந்தக் குறையைத் தயங்கிச் சொன்னால், நானே ரத்தம் பார்க்கக் கூட்டிப் போகிறேன்.