நந்து அம்மாவின் பதிவு

ஒரு சனிக்கிழமை மதியம், முடிச்சூரில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் ஓர் எவர்சில்வர் தட்டு விழுந்தது. விழுந்தது என்று எழுதுவது என் பழைய சாமர்த்தியம். போட்டது நான்தான். ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளை ஒன்று மொசைக் தரையில் உட்கார்ந்து பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால், இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன்.

எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. எனக்கு சிறுசேரியில் வேலை. மதியம் ஒரு கையில் ஸ்பூனும் மறு கையில் மவுஸுமாக, இணையத்தில் அம்மாக்கள் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, எல்லாரும் பிள்ளை பெயரோடு சேர்ந்த அம்மாதான். நடத்துபவள் என்பதால் நான் மட்டும் அக்கா. என் மகனுக்கு ஐந்து வயது ஆகியிருந்தது. ஒரே ஒரு பிள்ளையை ஐந்து வயது வரை வளர்த்துவிட்டால் ஊருக்கே புத்தி சொல்லலாம் என்று அப்போது எனக்கு நினைப்பு. குழுவில் ஒரு விதி வைத்திருந்தேன்: பயமுறுத்தும் பதிவு கூடாது. மாமியாரிலிருந்து எதிர்வீட்டுக்காரி வரை எல்லாரும் பயமுறுத்துகிறார்கள், இங்கேயாவது இந்தப் பெண்கள் மூச்சு விடட்டும் என்றுதான் வைத்தேன். அந்த எண்ணத்தில் தப்பில்லை என்று இன்றும் சொல்வேன்.

நந்து அம்மா பெருங்களத்தூர்க்காரி. பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஒரு வார்த்தை வரவில்லை, டாக்டர் காது டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், போகலாமா என்று குழுவில் கேட்டாள். டாக்டர் சொன்ன பிறகும் எங்களைக் கேட்டாள், அவ்வளவு நம்பிக்கை. என் மகன் மூன்று வயதில்தான் பேசினான், ஆண் பிள்ளைகள் அப்படித்தான் என்று நான் எழுதினேன். மற்றவர்களும் ஆளுக்கொரு பிள்ளையைச் சாட்சிக்கு இழுத்து வந்தார்கள். அப்படியும் அவளுக்கு மனசு ஆறவில்லை. சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று பக்கத்திலிருந்த நான்கைந்து அம்மாக்களையும் சேர்த்து வீட்டுக்கு வரச் சொன்னேன்.

தட்டு விழுந்ததும் நந்து சட்டென்று திரும்பினான். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரும் கை தட்டினோம். அதற்குள் அவன் காரின் பக்கம் திரும்பிவிட்டிருந்தான். ஆறு பெண்கள் அவன் முதுகுக்குப் பின்னால் கை தட்டிக்கொண்டிருந்தோம், அவன் நிமிரக்கூட இல்லை. நந்து அம்மா மட்டும் கை தட்டவில்லை. அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "விளையாட்டு மும்முரம். டெஸ்ட்டெல்லாம் வேணாம்மா, அதான் பாத்தீங்கல்ல" என்றேன். தட்டின் அதிர்வு தரை வழியாக அவன் உடம்புக்கு ஏறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் பொறியியல் படித்தவள்.

அவள் டெஸ்ட்டுக்குப் போகவில்லை. ஒன்றரை வருஷம் கழித்துத்தான் போனாள். இரண்டு காதும் கேட்கவில்லை, முன்னாலேயே வந்திருந்தால் பேச்சு இன்னும் சுலபமாக வந்திருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அதையெல்லாம் அவள் குழுவில் எழுதினாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், முறையான டெஸ்ட் எடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். மதியம் ஆபீஸில் படித்தேன். விதி கைவசம் இருந்தது. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் பதிவை நீக்கினேன்.

சாயங்காலம் நான் ஆபீஸ் பஸ்ஸில் வரும்போது போன் செய்தாள். குரலில் கோபமே இல்லை.

"அக்கா, உங்களைப் பழி சொல்ல எழுதலைக்கா. இன்னொருத்தி என்னை மாதிரி ஏமாந்துடக் கூடாதுன்னுதான் எழுதினேன். அதை ஏன்க்கா எடுத்தீங்க?"

"ரூல்ஸ் அப்படிம்மா. புதுசா வர்றவங்க பயந்துடுவாங்க" என்றேன். சரிக்கா என்று வைத்துவிட்டாள். அன்றே குழுவிலிருந்தும் விலகிக்கொண்டாள். நந்து என்ன படித்தான், பேச்சு வந்ததா, தெரியாது. அவள் சொந்தப் பெயரே எனக்குத் தெரியாது. இன்று என் மகன் போனில் நிறுத்தாமல் பேசும்போதெல்லாம் அவள் நினைப்பு வருகிறது. அவன் குரல் எனக்குப் பிடிக்காமல் போகிற நேரமும் உண்டு.

அவள் விலகிய சில மாதங்களில் சேலையூரிலிருந்து ஒருத்தி அதே கேள்வியோடு வந்தாள். பெண் குழந்தை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. இந்த முறை தனிமடலில், ஒரு நாளும் தள்ளாமல் காது டெஸ்ட் எடுங்கள் என்று எழுதினேன். எனக்கு எப்படித் தெரியும் என்பதை எழுதவில்லை. குழந்தைக்குக் குறை இருந்தது, சீக்கிரம் கண்டுபிடித்ததால் காதுக்கு மெஷின் வைத்துப் பேச்சுப் பயிற்சியும் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெண் எல்லாரும் பார்க்க நீளமாக எழுதினாள், அக்கா மட்டும் இல்லையென்றால் என் குழந்தையின் கதி என்ன ஆகியிருக்கும் என்று. கீழே அம்மாக்கள் வரிசையாக வந்து என்னைக் கும்பிட்டார்கள்.

அந்தப் பதிவை நான் நீக்கவில்லை.