அக்கரையில் பிறந்தவள்

ரப்பர் விலை விழுந்த வருஷம் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அப்படித் திரும்பியவர்களில் நானும் ஒருவன். என் மனைவியைத் திரும்பியவள் என்று சொல்ல முடியாது. அவள் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். சமயநல்லூர்ப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர்தான் அவளுக்கு அக்கரைச் சீமை.

வந்த புதிதில் விடிவதற்கு முன்பே எழுந்து, தலையில் துணியை இறுகக் கட்டி, தூக்குச்சட்டியில் சோறு போட்டுக்கொண்டு எங்கள் தெருக் கிணற்றடியில் போய் நின்றுவிட்டாள். தோட்டத்தில் இருட்டோடு பெரட்டு மணி அடிக்கும். எல்லோரும் களத்தில் வரிசையாக நிற்க, கிராணி பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார். இங்கே மணி ஏது, கிராணி ஏது? என் அம்மாதான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"வேல இருந்தா பண்ணைக்காரரு ஆள் விட்டுக் கூப்புடுவாரு ஆத்தா. இல்லாட்டி இல்ல."

"இல்லாத நாள்ல என்ன செய்யறது அத்தை?"

"உக்காந்திருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

அந்த உட்கார்ந்திருத்தல்தான் எங்கள் இரண்டு பேருக்கும் கைவரவில்லை. நான் காலையில் மதுரை ரோடு வரைக்கும் நடப்பேன், பஸ் போவதைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். மறுபடியும் நடப்பேன். பண்ணைக்காரர் சாதி குடியிருக்கும் ஊர்த் தெருமுனை வந்ததும் பினாங்கில் வாங்கிய செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். "கால்லதானே போட்டிருக்கீங்க, யாரு தலையில வச்சீங்க?" என்று அவள் கேட்டாள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

எங்கள் தெருப் பெண்களுக்கு அவள் பேச்சென்றால் உயிர். தோட்டத்து வழக்கப்படி யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்பாள். "ஆறுற அன்னைக்கு நாங்களே வந்து சொல்றோம் தாயி!" என்று அவர்கள் சிரிப்பார்கள். தண்ணீர் இறைத்தபடி அக்கரைக் கதை கேட்பார்கள். நான் சொன்னால் ரப்பர் மரம் சோலையாகிவிடும். அவள் சொன்னால் மரத்தடியில் அட்டையும் இருக்கும்.

விலை ஏறியதும் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆள் பிடிக்கும் கங்காணி வந்தார். எங்கள் ஆள்தான், பக்கத்து ஊர். வெள்ளைக் கோட்டும் குடையுமாக என்னை ரோட்டிலேயே மடக்கினார்.

"மாப்ள, உம் பொண்டாட்டி கிணத்தடியில அட்டை கடிக்கும், காய்ச்சல் வரும்னு சொல்லிக்கிட்டு இருக்காளாம்ல? பெறகு எவ வருவா?"

"நடக்கிறதத்தானண்ணே சொல்றா."

"நடக்கிறத அங்க வந்து பாத்துக்கிடட்டும். வெள்ளிக்கிழமை ஆள் சேக்க வாரேன். பொம்பளையளுக்கு நல்லதா நாலு சொல்லச் சொல்லு. உங்க ரெண்டு பேரையும் மொத ஆளா ஏத்திவிடுறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கங்காணி மனசு வைத்தால் கப்பல், இல்லையென்றால் இந்தத் தெரு. ஓடிவந்து அவளிடம் சொன்னேன். "நல்லது நாலு இருக்கே, சொல்றேன்" என்றாள், அடுப்பை ஊதிக்கொண்டே.

வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடியில் தெருவே கூடியது. கங்காணி மழையைச் சொன்னார், அரிசியைச் சொன்னார். பிறகு அவளை முன்னால் நிறுத்தினார்.

"கைப்பிள்ளைய என்ன செய்வீக?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆயாக் கொட்டகையில விட்டுட்டு ரப்பர் பால் வெட்டப் போவோம். தொட்டில் இருக்கும், ஆயா பார்த்துக்குவாங்க. பிள்ளை அழுதா நமக்குக் கேக்காது. அங்க உள்ள சுகமும் அதுதான், கஷ்டமும் அதுதான்."

"நோவு வந்தா?"

"ஆஸ்பத்திரி இருக்கு. கொயினா குடுப்பாங்க. கசக்கும், மடக்குன்னு முழுங்கிடணும். நெறைய பேரு எழுந்திருச்சிடுவாங்க. எங்கப்பா எழுந்திருக்கல."

கங்காணி இருமினார். நான் தரையைப் பார்த்தேன்.

"வெள்ளக்காரத் தொர எப்படி?" இது ஒரு பெரியவர்.

"தூரத்துல அவர் தொப்பி தெரிஞ்சாலே சைக்கிள்ல போறவங்க இறங்கி ஓரமா நிக்கணும்." கங்காணி கையைக் காட்டினார், போதும் என்று. அவள் கவனிக்கவில்லை. "ஆனா அங்க ஒரு துரைக்கு இறங்கினாப் போதும். இங்க தெருவுக்குத் தெரு இறங்க வேண்டியிருக்கு."

இரண்டொரு இளவட்டங்கள் திரும்பி, பண்ணை ஆள் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு கிழவி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், மரத்தடி முழுக்கச் சிரிப்பு. கைப்பிள்ளையைப் பற்றிக் கேட்டவள்தான் முதலில் எழுந்து, "நாங்க வாரோம்" என்றாள். பொழுது சாய்வதற்குள் பாதித் தெரு வருகிறேன் என்று சொல்லிவிட்டது.

நான் தகரப்பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தேன். கங்காணி வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"மாப்ள, நீங்க அடுத்த தடவ பாப்போம்."

"என்னண்ணே இது? அவ பேச்சக் கேட்டுத்தான அம்புட்டுப் பேரும் வாராக?"

"அதனாலதான் சொல்றேன். இங்க இருக்கிற தொரைகளச் சொன்னவ, அங்க போயி அங்கத்த தொரையச் சொல்லுவா. அம்புட்டுப் பேரும் கேப்பாக. கிராணி முன்னாடி நான் பதில் சொல்லி நிக்க வேணாமா?"

கெஞ்சினேன். தோட்டம் மாறிப் போகிறோம் என்றேன், அவள் வாயே திறக்க மாட்டாள் என்றேன். அதைச் சொல்லும்போது அவள் உள்ளேயிருந்து வந்தாள்.

"ஏங்க, திறக்காத வாயை வச்சுக்கிட்டு அங்க போய் நான் என்ன செய்ய?" என்னிடம் இவ்வளவுதான். கங்காணி பக்கம் திரும்பினாள். "அந்தப் பொம்பளைங்களுக்கு முழங்கால் வரைக்கும் சுத்துற மாதிரி பழந்துணி எடுத்துக்கச் சொல்லுங்க. மழைக்காலத்துல இறங்கறாங்க." அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் புறப்பட்ட அன்று சமயநல்லூர் ஸ்டேஷன் வரை அவளும் போனாள். அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலைத் தண்ணீரை எங்கெங்கே தடவ வேண்டும் என்று பிளாட்பாரத்திலேயே தன் காலைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். வண்டி வடக்கே போனது. கடைசிப் பெட்டி மறைந்த பிறகும் அவள் நகரவில்லை.

"இதே தண்டவாளத்துல எதிர்ப்பக்கம் போனா என்ன ஊர் வரும்?"

"மதுரை."

"அங்க ஆலை இருக்கு, வேலை இருக்குன்னு சொன்னீங்களே?"

"கெடைக்கும்னு சொல்ல முடியாது."

"இங்க கெடைக்காதுன்னு சொல்ல முடியுது, இல்ல?"

துடைத்து வைத்த பெட்டி வீணாகவில்லை. மறுநாள் அதே பிளாட்பாரத்தில் அம்மா எங்கள் கூட நின்றாள். ஆரப்பாளையத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் வீட்டுப் பின்கட்டில் படுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அம்மா அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"அக்கரையும் இருப்புக் கொள்ளல, இக்கரையும் கொள்ளல. மருதையில மட்டும் கொள்ளுமாக்கும்?"

"கொள்ளலைன்னா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவோம் அத்தை" என்றாள் அவள், பெட்டியைத் தூக்கி என்னிடம் கொடுத்துக்கொண்டே. "நீங்களும் ஏறுங்களேன்."

அம்மா ஏறவில்லை. ஆனால் வண்டி அசையும்வரை சன்னல் கம்பியிலிருந்து கையை எடுக்கவுமில்லை.